ஊஞ்சல் கற்றுத்தந்த குவிப்பு

ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். வந்தாறுமூலை வளாகத்தில் பௌதிகவியல் இறுதியாண்டில் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது துணிக்கை ஆர்முடுக்கி வளையம்; மின்னேற்றமுள்ள நுண்துணிக்கைகளை வேகமாகச் சுற்றவைக்கும் பொறி. அதில் துணிக்கைக் கற்றையைச் சிதறாமல் பிடித்துவைப்பவை நான்முனைக் காந்தங்கள். ஒரு தளத்தில், கிடையாக என்று வைப்போம், குவிக்கும் காந்தம் மற்றத் தளத்தில், அதாவது நிலைக்குத்தாக, விரிக்கும். முனைகளை மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு தளங்களிலும் குவிவே மிஞ்சும். 1952இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பிறந்த அழகான உத்தி இது. ஆனால் துணிக்கைகளின் சக்தி சற்று வேறுபட்டாலும் குவிவு மாறுகிறது. அதைத் திருத்த அறுமுனைக் காந்தம் வேண்டும். அதனோடு நேரிலா விசையும், அதாவது விலகலுக்கு நேர்விகிதமாகக் கூடாத விசையும், உள்ளே வந்துவிடுகிறது.

சுற்றுக்கு ஒரு முறை அறுமுனைக் காந்தம் துணிக்கையை உதைக்கிறது என்று வைத்து மடிக்கணினியில் கணித்தேன். ஒரு சுற்றில் துணிக்கை பக்கவாட்டில் அலையும் எண்ணிக்கை மூன்றிலொன்றை நெருங்க நெருங்க, படத்தில் துணிக்கைகள் தப்பாமல் நிற்கும் உறுதியான பரப்பு முக்கோணமாகச் சுருங்கியது. அதற்கு வெளியே தொடங்கிய புள்ளிகள் சில நூறு சுற்றுகளில் காணாமற்போயின. நேரிலா விசை என்றாலே கேடு என்று முடிவு கட்டிவிட்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு அம்மம்மா வீட்டுப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டினோம். நான்கு மீற்றர் கயிறு, ஓர் ஆட்டத்துக்கு நான்கு விநாடி. நான் எண்ணி எண்ணித் தள்ள, தங்கை உயர உயரப் போனாள். பிறகு என் தள்ளல் அவளுக்கு எதிராக விழத் தொடங்கியது. "அண்ணா, நீங்கள் பிந்தித் தள்ளுங்கள்!" என்று கத்தினாள். வீச்சம் கூடியதும் ஆட்டக்காலம் நீண்டுவிட்டது. அதனால் தள்ளலும் ஆட்டமும் ஒத்துப்போகும் பரிவு தானாகவே அறுந்தது. அதைச் செய்ததும் நேரிலா விசைதான்!

அன்றிரவே, கற்றையைச் சிதறவிடாத நேரிலா உதைக்காக அமெரிக்க விஞ்ஞானி மக்மிலன் தந்த 1967ஆம் ஆண்டுச் சூத்திரத்தைத் தேடி எடுத்தேன். நெப்டியூனியம் என்ற மூலகத்தைக் கண்டறிந்த அதே மக்மிலன். அவர் வடிவமைத்த உதையை இட்டதும், எந்த வீச்சத்தில் தொடங்கினாலும் புள்ளிகள் மூடிய வளைகோட்டிலேயே நின்றன. பத்தாயிரம் சுற்றுக்குப் பிறகும் ஒன்றுகூட விலகவில்லை. அதைப் பார்த்தபோது கண் கலங்கியது. ஆனால் அது ஒரு தளத்துக்கு மட்டுமே. இரண்டு தளங்களுக்கும் பொருந்தும் காந்தப்புல வடிவை 2010இல் ஆய்வாளர்கள் டனிலோவும் நகைட்சேவும் தந்தார்கள். அதைச் சோதிக்கவென்றே சிக்காகோவுக்கு அருகே பெர்மிலாப் ஆய்வகத்தில் 40 மீற்றர் சுற்றளவுள்ள ஐயோட்டா வளையத்தைக் கட்டினார்கள். 2018இல் அதில் இலத்திரன்கள் சுற்றின.

இதைப் படித்துவிட்டுக் கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியது:

தம்பி, உயர்தர வகுப்பில் ஊசலைப் படிப்பிக்கும்போது பல வருடங்களாக "சைன் தீற்றா ஏறத்தாழ தீற்றா, மிகுதியை விட்டுவிடுங்கள்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் ஒரு மீற்றர் நூலில் பாரமான குண்டைக் கட்டி, பத்துப் பாகையிலும் அறுபது பாகையிலும் விட்டு, பத்து அலைவுகளுக்கு நேரம் எடுக்கச் சொன்னேன். ஒரு விநாடிக்கு மேல் வேறுபட்டது. பிள்ளைகள் நம்பாமல் மூன்று முறை அளந்தார்கள். உங்கள் கணிப்பின் படங்களை அனுப்புவீர்களா? முக்கோணத்தையும் வளைகோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்ட வேண்டும்.