திருகாணி இல்லாத மேல்தட்டு, மேல்தட்டா?

மாதுங்கா ரசிகன்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை, கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த ஓர் இத்தாலியச் சொகுசுப் படகுக்குள் சென்று பார்க்கும் வாய்ப்பு, உரிமையாளரின் கணக்கர் என் நண்பர் என்பதால் எனக்குக் கிடைத்தது. மரவேலை முதல் மெத்தைத் தையல் வரை அனைத்தும் தங்கள் சொந்தப் பட்டறையில், தங்கள் ஆட்களின் கையாலேயே நடந்ததாக அதைக் கட்டியவர்களின் கையேடு கூறுகிறது. வெளியாள் கைபட்ட படகு சொகுசுப் படகு ஆகாது என்பது அன்று நான் கண்ட முடிவு. படகின் மேல்தட்டில், அதாவது ‘டெக்’கில், பதித்த தேக்கில் ஒரு திருகாணிகூடக் கண்ணில் படவில்லை. அத்தனை நேர்த்தியாக ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊர் ஆசாரிகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தாருகானா தச்சன்:
கற்றுக்கொள்ள வேண்டுமாம்! முப்பத்தோர் ஆண்டுகளாகப் படகுத் தச்சு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒட்டிய தேக்கு மேல்தட்டு அல்ல, விலை உயர்ந்த தரைவிரிப்பு. பலகையைத் துளையிட்டு, திருகாணியை முடுக்கி, அதன் தலையைத் தேக்கு வில்லையால் மூடி, வில்லையின் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி திருப்பிப் பொருத்தி, பிறகு நீர் இறங்காதபடி இடைவெளிகளை அடைத்துக் கலப்பத்து அடிப்பதுதான் வேலை. இதே மும்பையில் வாடியா தச்சர்கள் மலபார்த் தேக்கால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதைக் கட்டியபோது யார் கையில் பசைக் குழாய் இருந்தது என்பதை ரசிகர் விளக்கட்டும்.

பொவாய்ப் பொறியாளர்:
ஐயா, போர்க்கப்பலின் தடித்த தேக்குப் பலகையையும் இன்றைய படகின் மேல்தட்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். இன்றைய மேல்தட்டு, இரண்டு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரத்தையோ நுரைப் பலகையையோ வைத்துச் செய்யப்படுவது. அதன் மீதுள்ள தேக்கு பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை. நீங்கள் முடுக்கும் ஒவ்வொரு திருகாணியும் அந்த மேல்படலத்தில் ஒரு துளை. ஆண்டுக்கணக்கில் தேய்த்துக் கழுவுவதால் தேக்கு மெலியும். வில்லைகள் கழன்று விழும். திருகாணியின் வழியே இறங்கும் நீர் பால்சாவை ஊறவைத்துக் கூழாக்கிவிடும். 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட எத்தனையோ பாய்மரப் படகுகளுக்கு நேர்ந்த கதி இதுதான். ஒட்டுவது சோம்பலால் வந்த வழக்கம் அன்று, பட்டுத் தெளிந்ததால் வந்தது.

தாருகானா தச்சன்:
பால்சாவை யார் வைக்கச் சொன்னார்கள்? தெர்மாகோலைப் போல எடையற்ற மரத்தை நடுவில் வைத்துவிட்டு, திருகாணியின் மீது பழி போடுவது எந்த ஊர் நியாயம்? மும்பை வெயிலில் ஒட்டிய மேல்தட்டின் கறுப்புப் பசை இளகி, பாதத்தில் கோடு கோடாக அப்பிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சயான் சங்கரி:
ஒரு சிறு ஐயம். சொந்தப் பட்டறை என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்? மரத்தை உலர்த்துவதும் அதில் சேருமா, அல்லது அறுத்து இழைப்பது மட்டும்தானா? ஒப்பந்தத் தொழிலாளி பட்டறையின் கூரைக்கடியில் நின்று வேலை செய்தால் அவர் சொந்த ஆளா, வெளியாளா? இதை முடிவுசெய்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

தாருகானா தச்சன்:
அம்மா, அது ஒருபுறம் இருக்கட்டும். திருகாணிக்கு முதலில் பதில் வரட்டும்.

கோளிவாடா அண்ணாச்சி:
தச்சருக்கு வணக்கம். நான் தூத்துக்குடியில் தோணி கட்டிய குடும்பத்தில் பிறந்தவன். ஏரா என்னும் அடிமரம் வைப்பதிலிருந்து அணியம் என்னும் முன்பகுதி நிமிர்வது வரை பார்த்து வளர்ந்தவன். ‘டிரிங்கோமலி’யைச் சொந்தப் பட்டறைக்குச் சான்றாகக் காட்டுகிறீர்களே, அதன் வரைபடம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து. முதலில் அனுப்பிய வரைபடம் ‘ஜாவா’ என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, 1812 டிசம்பரில் அமெரிக்கர்கள் அந்தக் கப்பலைப் பிடித்து எரித்துவிட்டதால், மறுபடியும் ஒரு படி அனுப்பப்படும்வரை நம்மவர்கள் காத்திருக்க நேர்ந்தது. அந்த வடிவமைப்புக்கும் மூலம், பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக் கப்பல். வரைபடம் பிரான்சின் வழி வந்தது, மரம் மலபாரிலிருந்து வந்தது, பணம் லண்டனிலிருந்து வந்தது. இதில் சொந்தம் எது?

தாருகானா தச்சன்:
கை சொந்தம், அண்ணாச்சி! 1736இல் சூரத்திலிருந்து லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா இங்கே வந்தபோது எடுத்துவந்தது கைத்திறனைத்தான், காகிதத்தை அல்ல. வரைபடம் தண்ணீரில் மிதக்காது. சென்ற ஆண்டு வார்னிஷ் குறித்த விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினீர்கள். எத்தனை பூச்சு பூச வேண்டும் என்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

கோளிவாடா அண்ணாச்சி:
பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. படிக்காததற்கு நான் பொறுப்பாக முடியாது.

மாதுங்கா ரசிகன்:
நான் தொடங்கிய விஷயத்துக்கு வாருங்கள். இத்தாலியின் இசேயோ ஏரிக்கரையில், சர்னிகோ என்னும் ஊரில் உருவான ரீவா நிறுவனத்தின் ‘அக்வாரமா’வைப் பாருங்கள். 1962இல் அறிமுகமான அந்த மகோகனிப் படகுக்கு இன்றும் கோடிகளில் விலை பேசப்படுவது, சொந்தக் கைகளால் இழைத்து, அடுக்கடுக்காக வார்னிஷ் பூசிய காரணத்தால்தான்.

பொவாய்ப் பொறியாளர்:
அந்த ‘அக்வாரமா’வுக்குள் உறுமிய வி-8 எஞ்சின்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. எஞ்சின் வெளியாள் கைபட்டதுதானே? அப்படியானால் உங்கள் இலக்கணப்படி அதுவும் சொகுசுப் படகு ஆகாது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கட்டப்படும் மாபெரும் படகுகள் பலவற்றில், உள்ளறை மரவேலையை அதற்கென்றே இயங்கும் தனி நிறுவனங்கள் செய்து தருவது நெடுநாளைய வழக்கம். தேன்கூட்டு அலுமினியப் பலகையின் மீது அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய மரத்தோலை ஒட்டி, எடையைக் குறைத்து, பார்ப்பவர் முழுமரம் என்றே நம்பும்படி செய்யும் அந்தத் திறன் யாருடைய கூரைக்கடியில் நடந்தால் என்ன?

தாருகானா தச்சன்:
இதோ, ஒப்புக்கொண்டுவிட்டார்: மரம் அரை மில்லிமீட்டர்! அரை மில்லிமீட்டரில் திருகாணி நிற்காது என்பதால்தான் பசைக்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்பது இப்போது விளங்குகிறது. தோலை ஒட்டிவிட்டு மரம் என்று பெயர் சூட்டுவதற்கு எங்கள் தொழிலில் வேறு சொல் இருக்கிறது. பெண்கள் இருக்கும் இடத்தில் அதை எழுத மாட்டேன்.

சயான் சங்கரி:
எழுதுங்கள், ஐயா; நாங்களும் மரக்கடையில் பேரம் பேசிய பெண்கள்தாம். ‘மரைன் பிளை’, அதாவது நீர் தாங்கும் ஒட்டுப்பலகை, என்று முத்திரை குத்திய பலகையை இந்நகரத்தின் ஒரு கடையில் வாங்கி, என் கணவரின் சிறு மீன்பிடிப் படகுக்கு அறைத் தடுப்பு போட்டோம். அதற்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 என்றால் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது. எங்கள் பலகை ஒரு மழைக்காலத்துக்கே புத்தகம்போல் ஏடு ஏடாகப் பிரிந்தது. பொருள் பொய்யாக இருந்தால் திருகாணி போட்டாலும் பசை போட்டாலும் என்ன பயன் என்றுதான் கேட்கிறேன்.

தாருகானா தச்சன்:
அந்தப் பலகையை எதைக் கொண்டு பொருத்தினீர்கள்?

சயான் சங்கரி:
திருகாணியால்.

பொவாய்ப் பொறியாளர்:
வேறு சான்று வேண்டாம்.

தாருகானா தச்சன்:
பித்தளைத் திருகாணியா, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகா? பித்தளை என்றால் உப்புநீரில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் பஞ்சாக எஞ்சும். அது திருகாணியின் குற்றம் அல்ல, வாங்கியவரின் குற்றம்.

கோளிவாடா அண்ணாச்சி:
தேக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அது எந்தக் காட்டுத் தேக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நெதர்லாந்தில் கட்டப்பட்ட ‘கோரு’ என்ற சொகுசுப் படகில் மியான்மர் தேக்கைப் பயன்படுத்தியதற்காக, அதைக் கட்டிய ஓஷன்கோ நிறுவனத்துக்கு 2024இல் ஒன்றரை லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. சொந்தப் பட்டறை என்று மார்தட்டுகிறவர்கள், மரம் எந்தக் காட்டில் வெட்டப்பட்டது என்பதையும் கையேட்டில் அச்சிட வேண்டாமா?

மாதுங்கா ரசிகன்:
நான் பார்த்த படகின் கையேட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் தாள் மிக உயர்ந்த தாள்.

தாருகானா தச்சன்:
தாளையும் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1984இல் கட்டிய ஒரு பாய்மரப் படகு இப்போது என் பட்டறையில் நிற்கிறது. மேல்தட்டு முழுவதும் திருகாணி, ஒரு பலகைகூட அசையவில்லை. நாளை காலை படம் எடுத்து இங்கே இடுகிறேன். பொறியாளர் திருகாணிகளை எண்ணிக்கொண்டு வந்து பேசட்டும்.

பொவாய்ப் பொறியாளர்:
எண்ணுகிறேன், ஐயா. படம் எடுக்கும்போது அந்த மேல்தட்டைச் சுத்தியலின் பிடியால் நான்கு இடங்களில் தட்டிப் பார்த்து, ஓசை ‘டங்’ என்று வருகிறதா, உள்ளே ஊறிப்போனதுபோல் ‘தொப்’ என்று வருகிறதா என்பதையும் எழுதுங்கள்.

தாருகானா தச்சன்:
என் பட்டறையில் எதைத் தட்ட வேண்டும் என்பதை நான் முடிவுசெய்வேன்.