தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிக்கும்னா, கிமு 586-ல அது எங்க போச்சு?

பெரோயா வாசகன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வாலிபர் கூட்டத்துல 2 சாமுவேல் படிச்சிட்டு இருக்கோம், 7-ஆம் அதிகாரம் வந்ததுல இருந்து ஒரு கேள்வி மனசை விட்டு போகவே மாட்டேங்குது. தாவீது ஆலயம் கட்டணும்னு ஆசைப்படுறாரு, கர்த்தர் நாத்தான் தீர்க்கதரிசி மூலமா, நீ எனக்கு கட்ட வேண்டாம், நான் உன் வம்சத்தை நிலைநிறுத்துறேன், உன் சிங்காசனம் என்றைக்கும் நிக்கும்னு சொல்லி அனுப்புறாரு. மகன் தப்பு பண்ணா தண்டிப்பேன், ஆனா என் கிருபையை எடுக்க மாட்டேன்னு வேற சொல்றாரு. ஆனா சரித்திரம் என்ன சொல்லுது? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்து எருசலேமை சுட்டெரிச்சிட்டான். யூதாவோட கடைசி ராஜா சிதேக்கியாவோட பிள்ளைகளை அவன் கண் முன்னாடியே வெட்டி, அப்புறம் அவன் கண்ணையும் குருடாக்கி, வெண்கல விலங்கு போட்டு பாபிலோனுக்கு இழுத்துட்டு போனாங்க. அதோட சரி, தாவீது வம்சத்துல ஒருத்தர் கூட எருசலேம்ல ராஜாவா உக்காரல. இதுல சிதேக்கியாவுக்கு முன்னாடி ராஜாவா இருந்த எகொனியா வேற, அவன் சந்ததியில யாரும் சிங்காசனத்துல உக்கார மாட்டாங்கன்னு எரேமியா 22:30-ல இருக்கு, ஆனா மத்தேயு அவனையே இயேசுவோட வம்ச வரலாறுல எழுதியிருக்காரு. அப்போ "நிறைவேறிச்சு"ன்னு எந்த அர்த்தத்துல சொல்றோம்? ஆவிக்குரிய அர்த்தம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாம வசனத்தோட சொல்லுங்க ப்ளீஸ்.

சீயோன் பாடகி:
பிரதர், உங்க கேள்வி பைபிளுக்குள்ளயே இருக்கு, 89-ஆம் சங்கீதத்தை ஒரே மூச்சுல படிச்சு பாருங்க. முதல் பாதி முழுக்க தாவீதோட பண்ணின உடன்படிக்கைதான், என் உடன்படிக்கையை மீற மாட்டேன், சந்திரனைப் போல அவன் சிங்காசனம் நிக்கும்னு. 38-ஆம் வசனத்துல அப்படியே திரும்பிடுது, நீர் உம்முடைய ஊழியனோட உடன்படிக்கையை தள்ளிட்டீர், அவன் கிரீடத்தை தரையில எறிஞ்சிட்டீர், தாவீதுக்கு சத்தியம் பண்ணின பழைய கிருபைகள் எங்கேன்னு கேட்டுட்டு, பதில் வராமலே முடியுது. இதை ஜனங்க ஆலயத்துல பாடுற பாட்டாவே வெச்சிருந்தாங்க. வாக்குத்தத்தம் உடைஞ்ச மாதிரி தெரிஞ்சதை யாரும் மூடி மறைக்கல, அதனாலதான் எனக்கு இந்த சங்கீதம் ரொம்ப பிடிக்கும்.

அதுக்கு பதில்னு நான் நம்புறது அப்போஸ்தலர் 2-ல பேதுரு பண்ணின பிரசங்கம். பெந்தெகொஸ்தே நாள், எருசலேம், கூட்டத்தை பார்த்து பேதுரு சொல்றாரு, தாவீது செத்து அடக்கம் பண்ணப்பட்டாரு, அவர் கல்லறை இன்னைக்கு வரைக்கும் நம்ம ஊர்லயே இருக்கு. யோசிச்சு பாருங்க, கேக்குறவங்க நடந்து போய் பார்த்துட்டு வரக்கூடிய இடம் அது. "என்றென்றைக்கும்"னு சொன்ன வாக்கு, ஒரு ராஜா சாக அவர் மகன் உக்கார, அந்த மகனும் சாகன்னு போனா எவ்வளவு நீளமா போனாலும் என்னைக்காவது ஒரு நாள் அறுந்துடும், யூதாவுல அறுந்தே போச்சு. சாவை தாண்டிட்ட ஒரு குமாரன் உக்காந்தாதான் அது நிக்கும். அதனாலதான் பேதுரு 132-ஆம் சங்கீதத்துல இருக்கிற, உன் சந்ததியை உன் சிங்காசனத்துல வைப்பேன்ங்கிற ஆணையை உயிர்த்தெழுதலோட சேர்க்கிறாரு, அடுத்து 110-ஆம் சங்கீதத்தை எடுத்து இயேசு தேவனோட வலதுபாரிசத்துல உக்காந்திருக்கிறாருன்னு முடிக்கிறாரு. இதை வெறும் உருவகம்னு சொல்லி விட்டுட முடியாது, ஏன்னா எழுந்திருச்சது சரீரம்தான்.

நடுச்சாம வாசிப்பு:
எகொனியா விஷயத்துக்கு வரேன். இவருக்கு யோயாக்கீன், கோனியான்னும் பேர் உண்டு. கிமு 597-ல, பட்டத்துக்கு வந்து மூணே மாசத்துல சிறைபிடிச்சு கொண்டு போயிட்டாங்க. பாபிலோன்ல தோண்டி எடுத்த களிமண் பலகைகள்ல இவர் பேர் இருக்கு தெரியுமா, யூதா ராஜாவுக்கும் அவரோட அஞ்சு பிள்ளைகளுக்கும் அரண்மனை ஸ்டோர்ல இருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு அது. ஆக "சந்தானமற்றவன்னு எழுதுங்க"ன்னு எரேமியா சொன்னது பிள்ளையே இல்லைங்கிற அர்த்தத்துல இல்ல, பட்டத்துக்கு வாரிசு இல்லைங்கிற அர்த்தத்துல. இப்போ எரேமியா 22:24 பாருங்க, கோனியா என் வலதுகையில முத்திரை மோதிரமா இருந்தாலும் கழற்றி எறிவேன்னு கர்த்தர் சொல்றாரு. அடுத்து ஆகாய் தீர்க்கதரிசி புத்தகத்தோட கடைசி வசனத்துக்கு போங்க, கிமு 520, அதே எகொனியாவோட பேரன் செருபாபேலை பார்த்து உன்னை முத்திரை மோதிரமா வைப்பேன்னு சொல்றாரு. கழற்றி எறிஞ்ச மோதிரத்தை திரும்ப எடுத்து போடுறாரு! செருபாபேல் ராஜாவாகல, பெர்சியாவுக்கு கீழ அதிபதியாத்தான் இருந்தாரு, ஆனா வம்சத்தோட கதை முடியலன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. லூக்கா எழுதின வம்ச வரலாறு தாவீதோட நாத்தான்ங்கிற இன்னொரு மகன் வழியா போகுது (தீர்க்கதரிசி நாத்தான் இல்ல), அதை மரியாளோட வம்சம்னு சொல்லி சாபத்தை தாண்டிட்டாங்கன்னு சில பேர் விளக்குவாங்க. லூக்கா 3:23 யோசேப்பு பேரைத்தான் சொல்லுது, அதனால எனக்கு ஆகாய் வழிதான் உறுதியா தெரியுது.

பெரோயா வாசகன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஆகாயை இந்த கோணத்துல யாரும் எனக்கு சொன்னதே இல்ல. இன்னும் ஒண்ணு மட்டும். ஏசாயா 11-ல தாவீது வம்சத்து ராஜா ஆளும்போது ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒண்ணா தங்கும்னு இருக்கே, அந்த சமாதானம் எங்க? யூத நண்பர்கள் இதைத்தானே கேக்குறாங்க.

ஒலிவமலை:
நியாயமான கேள்விதான் தம்பி, அவங்களை மட்டமா பேசி இதை தாண்டிட கூடாது. 1 கொரிந்தியர் 15:25-ல பவுல், சத்துருக்கள் எல்லாரையும் பாதத்துக்கு கீழ போடுற வரைக்கும் அவர் ஆளணும்னு சொல்றாரு, அதாவது ஆட்சி ஆரம்பிச்சாச்சு, ஆனா எல்லா சத்துருவும் இன்னும் கீழ்ப்படல, கடைசி சத்துரு மரணம். வரப்போற ஆயிரம் வருஷ அரசாட்சியில எருசலேம்லயே அந்த சிங்காசனம் இருக்கும்னு நம்ம சபைகள்ல பல பேர் நம்புறாங்க, வலதுபாரிசத்துல உக்காந்ததே தாவீதின் சிங்காசனம்தான்னு வேற சில பேர் சொல்றாங்க. நான் ரெண்டாவது பக்கம். காரணம் அப்போஸ்தலர் 15. புறஜாதியாரை விருத்தசேதனம் இல்லாம சேர்த்துக்கலாமான்னு பெரிய வாக்குவாதம் நடக்குது, எருசலேம் சபையோட தலைவர் யாக்கோபு ஆமோஸ் 9-ல இருந்து விழுந்துபோன தாவீதின் கூடாரத்தை திரும்ப கட்டுவேன்ங்கிற வசனத்தை சொல்லித்தான் அந்த வழக்கையே தீர்க்கிறாரு. கூடாரம் கட்டப்பட்டுட்டு இருக்குன்னு நம்பினதாலதான் யூதரல்லாத நம்மளை உள்ள சேர்த்தாங்க. அடுத்த வாரம் கூட்டத்துல 2 சாமுவேல் 7 முடிச்ச கையோட அந்த அதிகாரத்தையும் எடுங்க.