அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள்: உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1966இல், பராபவ வருட ஆவணியில் பிறந்த எங்கள் அப்பாவுக்கு, அறுபது வருடச் சுற்று முடிந்து அதே பராபவ வருடம் திரும்பி வரும் இந்த 2026 ஆவணியில் அறுபது வயது நிறைவடைகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா, திருகோணமலை நகரில் மண்டபம் எடுத்து இருநூறு பேரை அழைக்க வேண்டும் என்கிறார். அப்பாவோ தன் நட்சத்திரத்தன்று கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்து, வீட்டில் பாயாசத்துடன் சாப்பிடுவதையே பிறந்தநாளாகக் கொண்டவர்.

சென்ற வருடம் நாங்கள் சொல்லாமல் கேக் வாங்கி வைத்தபோது, கத்தியைக் கையில் பிடித்தபடி, எல்லோரும் பாடி முடிக்கும்வரை மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டும்போது அவருடைய கை நடுங்கியதை நான் கவனித்தேன். அது கூச்சமா, மகிழ்ச்சியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை இதெல்லாம்" என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்பதா? பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் செய்தவர்கள், எத்தனை பேரை அழைத்தீர்கள், வீட்டிலா கோயிலிலா செய்தீர்கள், அண்ணனைப் போன்றவர்களை எப்படிச் சமாதானப்படுத்தினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.