தெப்பக்குளம் வீடு குழு: தொட்டில் யார்கிட்ட இருக்கு?

புதன்கிழமை

காலை 6:04 வசந்தா: ஞாயித்துக்கிழமை கவிதா வளைகாப்பு. 9 மணிக்கு மேல 10:30க்குள்ள. எல்லாரும் 8 மணிக்கே வந்துருங்க

6:05 வசந்தா: அத்தையோட தேக்குத் தொட்டில் இப்ப யார் வீட்ல இருக்கு? பிரசவத்துக்கு முன்னாடி இறக்கித் துடைச்சு வைக்கணும்

6:21 லட்சுமி: எங்க வீட்ல இல்லம்மா. சுதா பிள்ளைக்கே சேலையிலதான் தூளி கட்டிருக்கு

6:40 குமார்: எங்க பரண்ல இருக்கு மதினி. 2011ல வந்துச்சு

6:43 ராஜேந்திரன்: வந்துச்சா? நீ எடுத்துட்டுப் போனியா?

6:44 குமார்: அம்மாதான் குடுத்தாங்க அண்ணே

6:52 சண்முகம்: அதை அப்பறம் பேசிக்கலாம். சாப்பாடு 60 பேரா 80 பேரா? சமையல்காரர் இன்னைக்கே கேக்குறாரு

7:15 சுதா: தொட்டில் இருந்தாலும் இல்லாட்டியும் என் பய தூங்க மாட்டான். பகல் பூரா தூங்குறான். ராத்திரி 2 மணிலேருந்து 5 மணி வரைக்கும் கண்ண உருட்டிட்டுக் கெடக்கான். 5 வாரம் ஆச்சு

7:15 சுதா: கவி, இப்பவே தூங்கிக்கோ

7:16 கவிதா: பயமுறுத்தாத சுதா

7:18 லட்சுமி: வசம்பு சுட்டு நாக்குல தடவுன்னு தினமும் சொல்றேன். கேட்டாத்தானே

7:31 சரோஜா: மதினி, வசம்பு உள்ளுக்கு வேண்டாம். விவரமா எழுதுறேன். சுதா, முதல்ல உனக்கு. பய எந்தக் கெட்ட பழக்கமும் பழகல. வயித்துக்குள்ள இரவு பகல் கிடையாது. மூளைக்குள்ள ஓடுற கடிகாரம் நிலைக்கு வர 2, 3 மாசம் ஆகும். அதுவரைக்கும் நாமதான் வெளிய இருந்து காட்டிக்குடுக்கணும். தினமும் காலைல ஒரே நேரம், 6:30 இல்ல 7 மணிக்கு, ஜன்னலத் திறந்து வெளிச்சத்துல வச்சுப் பால் குடு. பகல்ல அவன் தூங்குறப்ப வீட்ட இருட்டாக்காதீங்க, மிக்சி ஓடட்டும், ஆளுங்க பேசட்டும். பகல்ல ஒரே மூச்சா 3 மணி நேரம் தாண்டுனா எழுப்பிப் பால் குடு. அங்க குறையுற தூக்கம் ராத்திரிக்கு நகரும்.

7:34 சரோஜா: சாயங்காலம் 7:30க்கு மேல டியூப்லைட் வேண்டாம். சுவத்தோரமா ஒரு சின்ன மஞ்ச பல்ப் போதும். 2 மணிக்கு முழிச்சான்னா பால், ஏப்பம், படுக்கை. அவ்வளவுதான். பேச்சு, கொஞ்சல், கிலுகிலுப்பை, டிவி எதுவும் கூடாது. மலம் போயிருந்தாலோ டயப்பர் நிறைஞ்சிருந்தாலோ மட்டும் மாத்து. இப்ப 2 மணிக்கு வீடே எழுந்து அவனச் சுத்தி உக்காருது, இல்லையா? அவனப் பொறுத்தவரைக்கும் அதுதான் பகல்.

7:36 சுதா: அப்பாதான் லைட் போடுறாரு

7:37 ராஜேந்திரன்: பேரன் அழுதா இருட்டுல உக்காரச் சொல்றியா

7:40 சரோஜா: அண்ணே, நீங்க காலை 7 மணி வெளிச்சத்தப் பாத்துக்கோங்க. அரை மணி நேரம் திண்ணையில தூக்கி வச்சிருங்க, வெயில் முகத்துல நேரா விழாம. அந்த வேலைய உங்கள விட நல்லா யாராலயும் செய்ய முடியாது

7:41 ராஜேந்திரன்: சரி

8:02 குமார்: 80னு சொல்லிரட்டுமா? புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், கல்கண்டு சாதம். 5 வகை

8:03 வசந்தா: 7 வகை

8:03 குமார்: விலை தெரியுமா மதினி

8:20 கவிதா: அத்தை, நான் இப்பவே என்ன தெரிஞ்சுக்கணும்? 32 வாரம் ஆச்சு

8:45 சரோஜா: இப்பக் கேட்டதுதான் சரி. பிள்ளை பொறந்து 3 ராத்திரி முழிச்ச பிறகு யார் என்ன சொன்னாலும் மண்டையில ஏறாது. மாப்பிள்ளையும் படிக்கட்டும். பொறந்த பிள்ளை 24 மணி நேரத்துல 14லேருந்து 17 மணி நேரம் தூங்கும். ஆனா துண்டு துண்டா, 2, 3 மணி நேரமா. வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும், 8லேருந்து 12 தடவை குடிக்கும். அதனால முதல் வாரங்கள்ல ராத்திரி முழிக்கிறது நோயும் இல்ல, பால் பத்தலன்னும் அர்த்தமில்ல. பிறந்த எடை திரும்பி வர்ற வரைக்கும், அதாவது ஏறக்குறைய 2 வாரம், தூங்குனாலும் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் குடுக்கணும். அந்த 2 வாரம் தூக்கத்தப் பழக்குற பேச்சே வேண்டாம்.

8:52 சரோஜா: அடுத்தது, எல்லாரும் தவறவிடுற இடம். பச்சப்பிள்ளையோட தூக்கத்துல பாதி, அசைஞ்சுக்கிட்டே தூங்குற தூக்கம். முனகும், முகத்தச் சுளிக்கும், காலை உதைக்கும், கண்ணு பாதி திறக்கும், ஒரு சத்தம் கூட வரும். அது முழிப்பு இல்ல. நாம பாய்ஞ்சு தூக்குனா நாமதான் எழுப்புறோம். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் பாருங்க. நெஞ்சுல லேசா கை வைங்க. பாதி தடவை தானா அடங்கிரும். நிஜமா அழுதா உடனே தூக்கணும், இந்த வயசுல அழவிட்டுப் பழக்குறதுங்கிறதே கிடையாது.

8:53 சுதா: அய்யோ. நான் முனகுனாலே தூக்கிருவேன்

8:55 கார்த்திக்: பெரியம்மா, பசிக்கு முழிக்குதா தூக்கத்துல முனகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

9:10 சரோஜா: நல்ல கேள்வி மாப்பிள்ளை. பசின்னா அழுறதுக்கு முன்னாடியே வாய் தேடும், தலைய இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பும், கைய வாய்க்குள்ள வைக்கும், நேரம் ஆக ஆகக் கூடும். தூக்கத்துல முனகுறது விட்டு விட்டு வரும், தேடல் இருக்காது. அதே மாதிரி தூக்கம் வர்ற அடையாளமும் இருக்கு. முகத்தப் பாக்காம பார்வை விலகும், புருவம் சிவக்கும், கொட்டாவி, கை கால் வெடுக் வெடுக்குனு இழுக்கும். முதல் ரெண்டு மாசத்துல ஒரு பிள்ளை முழிச்சிருக்கத் தாங்குறது முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்தான், அதுவும் பால் குடிக்கிற நேரத்தையும் சேத்து. அதத் தாண்டுனா களைச்சுப் போய் கத்தும், அப்பறம் படுக்க வைக்கிறது பெரும்பாடு. விருந்தாளிக பிள்ளையக் கைமாத்தி கைமாத்தி வச்சிருக்குற நாள்ல ராத்திரி ரகளை நடக்குறது இதனாலதான்.

9:12 வசந்தா: பேர் வைக்கிற அன்னைக்கு நினைவு வச்சுக்கணும்

9:30 லட்சுமி: எல்லாம் சரி. தூளிய ஏன் வேண்டாங்குற? நீங்க நாலு பேரும் அந்தச் சேலைத் தூளியிலதான் வளர்ந்தீங்க. அத்தை சொல்லுவாங்க

9:48 சரோஜா: மதினி, தூளிக்குள்ள பிள்ளை வளைஞ்சு கெடக்கும். முதல் 4 மாசம் கழுத்து நிக்காது. தாடை நெஞ்சுல இடிச்சா மூச்சுக்குழாய் மடங்கும். சத்தமே வராது, அழவும் அழாது. எடை குறைஞ்ச பிள்ளைக்கும் குறைமாசப் பிள்ளைக்கும் இன்னும் ஆபத்து. யாராவது பக்கத்துல உக்காந்து முகத்தப் பாத்துக்கிட்டே ஆட்டி அழுகைய அமத்தலாம், அதோட எடுத்துச் சமதளத்துல படுக்க வச்சிரணும். ராத்திரித் தூக்கம் தூளியில வேண்டவே வேண்டாம். புரள ஆரம்பிச்சா விழுந்தும் போகும்.

9:55 சரோஜா: தூக்கப் பழக்கத்துக்கும் அதுல ஒரு சங்கதி இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கம் மேல வந்துட்டுப் போகும், பிள்ளைக்கு அரை முழிப்பு வரும். ஆடுற தூளியில கண்ண மூடுன பிள்ளை, ஆடாத தூளியில முழிச்சா, ஆட்டச் சொல்லிக் கேக்கும். ராத்திரி பூரா ஆட்டணும். முலைய வாயில வச்சே தூங்குனா முலையத் தேடும். அதனால 6 வாரத்துக்கு மேல, நாளுக்கு ஒரு தடவை மட்டும், கண்ணு சொருகி, ஆனா முழுசாத் தூங்காம இருக்குறப்ப, எங்க முழிக்கப் போகுதோ அங்கேயே படுக்க வைங்க. ராத்திரி முதல் தூக்கம் இதுக்குச் சுலபம். பால் முடிஞ்சதும் ஏப்பம், துணி மாத்து, ஒரு பாட்டு, படுக்கை. பாலுக்கும் படுக்கைக்கும் நடுவுல ஒரு சின்ன வேலை இருந்தாப் போதும். அழுதாத் தூக்கிக்கோ, நாளைக்குப் பாக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போகாது.

10:01 குமார்: சரோக்கா மூச்சு விட்டுக்கோங்க

10:02 சண்முகம்: அவ எழுதட்டும்டா. 80 பேர் உறுதியா?

10:30 கார்த்திக்: நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரிதான் கிளம்ப முடியும். என்னால என்ன செய்ய முடியும் பெரியம்மா?

10:44 சரோஜா: ரெண்டு ராத்திரி முழுசா உங்க முறை. பால் மட்டும்தான் கவிதா. பிள்ளையத் தூக்கிட்டு வர்றது, ஏப்பம் எடுக்குறது, துணி மாத்துறது, படுக்க வைக்கிறது நீங்க. அவளுக்கு ஒரே மூச்சா 4 மணி நேரமாவது தூக்கம் கிடைக்கணும். மத்த 5 ராத்திரிக்கு யார் யாருன்னு இப்பவே தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. எடை நல்லா ஏறுதுன்னு டாக்டர் சொன்ன பிறகு, 3 வாரத்துக்கு மேல, ராத்திரி 10:30 வாக்குல, பிள்ளை தூங்கிக்கிட்டிருந்தாலும் லேசா எழுப்பி வயிறு நிறையக் குடுத்துட்டு கவிதா படுக்கணும். 1993ல அமெரிக்காவுல வந்த ஓர் ஆய்வுல இதோட இரவு பகல் வித்தியாசத்தையும் சொல்லிக்குடுத்த வீடுகள்ல 8 வாரத்துல பிள்ளைக நடுராத்திரிலேருந்து 5 மணி வரைக்கும் தூங்குனாங்க. 26 குடும்பம்தான், சின்ன ஆய்வு. எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும்னு நினைக்காதீங்க, ஆனா செஞ்சு பாக்குறதுல நஷ்டமில்ல.

10:46 லட்சுமி: 5 ராத்திரியும் வசந்தா ஒருத்தியா பாப்பாளா? சுதாவுக்கு நான் ஒருத்தியாத்தான் பாக்குறேன், யாரும் எட்டிப் பாக்கல

10:50 வசந்தா: கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்க்கா

11:05 சரோஜா: வெள்ளி, சனி ரெண்டு ராத்திரி நான் சுதாகூட இருக்கேன் மதினி. கவிதா பிரசவத்துக்கு முறை போடுறத ஞாயித்துக்கிழமை நேர்ல பேசலாம்

11:06 லட்சுமி: ம்

மதியம் 1:12 குமார்: தொட்டிலை இறக்கிட்டேன். தூசிதான், மரம் கல்லு மாதிரி இருக்கு

1:20 சரோஜா: டேப் வச்சு அள குமாரு. ரெண்டு கம்பிக்கு நடுவுல 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. அதுக்கு மேலன்னா உடம்பு நுழைஞ்சு தலை மாட்டும். பழைய பெயிண்ட் உரியுதா பாரு, அதுல ஈயம் இருக்கலாம். ஆட்டத்த நிறுத்துற முளை இருக்கா? தூங்குறப்ப ஆடக் கூடாது.

1:41 குமார்: 8 செ.மீ. இருக்கு. முளை ஒண்ணு இல்ல. பெயிண்ட் இல்ல, வார்னிஷ்தான்

1:43 சண்முகம்: தச்சர்கிட்டக் குடுத்து நடுவுல கம்பி வச்சிரலாம்

1:44 ராஜேந்திரன்: அந்தத் தொட்டில்ல யாரும் ஆணி அடிக்கக் கூடாது. அப்பா ஆசாரிய வீட்லயே உக்கார வச்சுச் செஞ்சது

1:45 குமார்: அப்ப நீங்களே வச்சுக்கோங்க அண்ணே

1:46 வசந்தா: ஆரம்பிச்சிட்டாங்க

2:05 சரோஜா: எந்தத் தொட்டிலா இருந்தாலும் உள்ள இருக்க வேண்டியது கெட்டியான சமமான மெத்தை, இறுக்கி விரிச்ச ஒரு துணி. ஓரத்துல ரெண்டு விரல் நுழையுற இடைவெளி கூடாது. கடுகுத் தலையணை, சுத்திப் போடுற குட்டித் தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். தலை உருண்டையா வரணும்னா முழிச்சிருக்குறப்ப நாம பாத்துக்கிட்டு குப்புறப் போடுங்க, தூங்க வைக்கிற திசைய மாத்துங்க. தூங்க வைக்கிறது எப்பவும் மல்லாக்க. கக்குனா மூச்சுல போயிரும்னு பயப்படுவாங்க. மல்லாந்து படுக்குறப்ப மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கும், கக்குனது கீழயே இறங்கும். அமெரிக்காவுல 1994லேருந்து மல்லாக்கப் படுக்க வைங்கன்னு ஊர் ஊரா சொன்ன பிறகு தூக்கத்துல நடக்குற திடீர் சாவு பாதிக்கும் மேல குறைஞ்சது. கொசுவலைய வெளிப்பக்கமா இறுக்கிக் கட்டணும், தொங்கவே கூடாது. பிள்ளை நம்ம அறையில, ஆனா தனிப் படுக்கையில. சோஃபாவுல பிள்ளையோட சாஞ்சு கண்ணசர்றது எல்லாத்தையும் விட ஆபத்து.

2:09 கவிதா: கடுகுத் தலையணை ஏற்கெனவே தைச்சாச்சு. அம்மா தைச்சாங்க

2:10 வசந்தா: 😐

2:30 லட்சுமி: வசம்பு பத்தி எழுதுறேன்னு சொன்னியே

2:47 சரோஜா: மன்னிச்சிருங்க மதினி. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், தண்ணி கூட. வசம்பு, உரைமருந்து எல்லாத்துலயும் எவ்வளவு உள்ள போகுதுன்னு அளவு தெரியாது, கல்லுலயும் விரல்லயும் இருக்குற கிருமி கூடப் போகும். தேன் 1 வயசு வரைக்கும் கூடாது, அதுல இருக்குற ஒரு கிருமி பிள்ளையோட தசையச் செயலிழக்க வைக்கும். கசகசாப் பால் குடுத்தாத் தூங்குறது மயக்கம், மூச்சு நிக்கும். சளி மருந்தும் அப்படித்தான். சாம்பிராணிப் புகை பிள்ளை இருக்குற அறைக்குள்ள வேண்டாம். வசம்பு வளையல் கையில கட்டுனா வாய்க்குப் போகும். உங்க மனசுக்கு வேணும்னா தொட்டில் கால்ல, வெளிப்பக்கமா, இறுக்கிக் கட்டிக்கோங்க.

2:50 லட்சுமி: தொட்டிலே இல்லையே

3:15 சுதா: அத்தை தனியா மெசேஜ் பண்ணவா

3:16 சரோஜா: போன் பண்றேன் கண்ணு

4:02 சரோஜா: சுதா சொல்லச் சொன்னா, அதனால எல்லாருக்கும் எழுதுறேன். அழுகை 6 வாரத்துல உச்சத்துக்குப் போகும், 3, 4 மாசத்துல இறங்கும். இப்ப அந்த இடத்துல நிக்கிறா. கை நடுங்குற அளவுக்குக் கோபமோ அழுகையோ வந்தா, பிள்ளையத் தனிப் படுக்கையில மல்லாக்க விட்டுட்டு 5 நிமிஷம் வெளிய வா. உலுக்கவே கூடாது, யாரும். அம்மாவுக்கு 2 வாரத்துக்கு மேல மனசு இறங்கியே இருந்தா டாக்டர்கிட்டப் போகணும். அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே. பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் வேண்டாம்னு தலைய திருப்புறது, எழுப்பியும் எழாம துவள்றது, நாளுக்கு 6 தடவைக்குக் குறைவா மூத்திரம், இதுல எது இருந்தாலும் தூக்கப் பிரச்சனைன்னு நினைக்காம உடனே ஆஸ்பத்திரி.

4:05 ராஜேந்திரன்: சுதா, என்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா

4:06 சுதா: சொன்னேன்ப்பா

4:30 வசந்தா: இன்னைக்கு ராத்திரி நான் வர்றேன் சுதா. சாப்பாடும் கொண்டாறேன்

4:31 லட்சுமி: வா

வியாழக்கிழமை

இரவு 2:20 சுதா: முழிச்சுட்டான். லைட் போடல. சித்தி பக்கத்துல இருக்காங்க

2:21 சரோஜா: போனக் கீழ வை. அதுவும் வெளிச்சம்தான்

காலை 6:38 சுதா: 4:10க்குத் தூங்குனான்

6:40 சரோஜா: ஒரு ராத்திரிய வச்சுக் கணக்குப் போடாத. 10 நாள் பாரு. 7 மணிக்கு ஜன்னல்

7:02 லட்சுமி: திறந்தாச்சு. அவரு திண்ணையில வச்சிருக்காரு

7:05 குமார்: தச்சர்கிட்டச் சொல்லவா வேண்டாமா? தொட்டில் கூடத்துல கெடக்கு, நடக்க வழியில்ல

7:20 சண்முகம்: 7 வகை சாதத்துக்கு அட்வான்ஸ் கேக்குறாரு