ஒரு சொட்டு எண்ணெயில் வந்த சந்தோஷம்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பின்கட்டு (கேள்வி):

என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலின் தாழ்ப்பாள் மூன்று வருடமாகத் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இழுத்துப் பார்ப்பேன், அசையாது, விரல் சிவந்ததுதான் மிச்சம். அப்புறம் அதை மறந்தே போனேன், காற்று வேண்டுமென்றால் எழுந்துபோய் அடுத்த அறை ஜன்னலைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. போன வாரம் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு முடித்தபோது குப்பியின் மூக்கில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. துணியில் துடைக்காமல் அதைத் தாழ்ப்பாள் மேல் விட்டேன், எதையும் நினைத்துச் செய்யவில்லை. மறுநாள் காலையில் சும்மா கை வைத்தேன். முதலில் மணல் நெரிவதுபோல ஒரு சத்தம், அப்புறம் பழுப்பாக எண்ணெய் கசிந்தது, அப்புறம் 'டக்' என்று கம்பி மேலே ஏறி நின்றது.

அந்த 'டக்' கேட்டதும் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை திறந்து மூடினேன். அன்றைக்கு முழுக்க வேலைக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மறுநாளும் அப்படித்தான்.

நான் கேட்க வந்தது இதைத்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது, நான்கு வருடம் காத்திருந்து, எத்தனையோ இரவு தூக்கம் கெட்டு, கிடைக்குமா கிடைக்காதா என்று நினைத்து நினைத்துச் சலித்துப்போனபின் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கியபோது 'அப்பாடா' என்றுதான் இருந்தது, துள்ளல் இல்லை. தாழ்ப்பாளுக்குத் துள்ளிய மனசு இதற்கு ஏன் துள்ளவில்லை? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள், எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

---

நாலாம்படி:

நரம்பியல் படித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அங்கே ஓரளவுக்குப் பதில் இருக்கிறது.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். குரங்கின் வாயில் திடீரென்று ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடிக்கும். சாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு எரிந்தால், சில நாளில் குரங்கு அதைக் கற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம் செல்கள் துடிப்பது விளக்கைப் பார்க்கும்போதுதான், சாறு வாயில் விழும்போது ஒன்றும் நடப்பதில்லை. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், சரியாக அது வந்திருக்க வேண்டிய நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கிவிடுகிறது. 1997-இல் அவரும் பீட்டர் டயனும் ரீட் மாண்டேக்கும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். இந்தச் செல்கள் தெரிவிப்பது பரிசை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

உங்கள் பதவி உயர்வை நீங்கள் நான்கு வருடமாக மனசுக்குள் வாங்கி வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள். கடிதம் வந்தபோது வித்தியாசம் என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை, பயம் மட்டும் இறங்கியது, அதுதான் அந்த 'அப்பாடா'. தாழ்ப்பாள் விஷயத்தில் எதிர்பார்ப்பு சுத்தமாகப் பூஜ்யம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். டோபமின்தான் சந்தோஷம் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அது 'இது புதுசு, கவனி, கற்றுக்கொள்' என்கிற செய்திக்குத்தான் நெருக்கம். நாம் சந்தோஷம் என்று உணர்வதில் இன்னும் எவ்வளவோ கலந்திருக்கிறது.

என்னுடையது இது: நடுராத்திரியில் விழிப்பு வந்து, விடிந்துவிட்டதோ என்று பதறிக் கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்ளும் அந்த ஒரு நிமிடம்.

---

இரவுப்பணி:

மேலே எழுதியவர் சொன்னது எனக்குப் பாதிதான் பொருந்துகிறது. எதிர்பாராமல் வந்தால்தான் சந்தோஷம் என்றால், என் வேலையில் எனக்கு அது எப்போதோ தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

பதினோரு வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியாக இருக்கிறேன். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் உள்ளங்கையில் சுண்டுவிரலை வைத்தால் அது மூடிக்கொள்ளும். இது அனிச்சைச் செயல், குழந்தை நம்மை விரும்பிப் பிடிப்பதில்லை, தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே வந்துவிடுகிற ஒன்று, ஐந்தாறு மாதத்தில் போய்விடும். இதைப் பரிசோதிப்பதும் எங்கள் வேலைதான், குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அப்படியென்றால் இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது நடக்கிறது. விரலை வைத்ததும் முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு விரலாக வந்து சுற்றிக்கொள்ளும். நகம் காகிதத்தைவிட மெல்லிசு, நுனியில் வளைந்திருக்கும், மணிக்கட்டில் தோல் லேசாக உரிந்துகொண்டிருக்கும், கை கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும். சரி, பார்த்தாயிற்று என்று விரலை எடுக்கப் போனால் பிடி இன்னும் இறுகும். ராத்திரி மூன்று மணி, கால் வலி, அடுத்த படுக்கையிலிருந்து அழைப்பு மணி, இதற்கு நடுவே எனக்குச் சிரிப்பு வருகிறது, யாரும் பார்க்காதபோதும் வருகிறது.

காரணம் தெரிந்துவிட்டதால் அது குறையவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். எத்தனை தடவை வந்தாலும் தேயாத சந்தோஷமும் இருக்கிறது, அதை எந்த விளக்கும் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில்லை.

---

சரிவுப்பாதை:

நான் ரொம்பச் சுருக்கமாகச் சொல்கிறேன். போக விருப்பமே இல்லாத ஒரு கூட்டம், கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது 'ரத்து' என்று செய்தி வருவது. கையில் ஒரு முழு மாலை!

---

இலைநிழல்:

போன மாதம் மகளோடு மரநிழலில் நடந்துகொண்டிருந்தேன். தரையெல்லாம் வெளிச்சப் பொட்டுகள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, 'இலைக்கு நடுவுல இருக்கிற ஓட்டை எல்லாம் கோணல்மாணலா இருக்கு, கீழ விழுற வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமா இருக்கு?' என்று கேட்டாள். நாற்பது வருடமாக அந்த நிழலில் நடக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது கிடைத்த சந்தோஷம் சாதாரணமானதல்ல. அந்த வட்டம் ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் வடிவம்! ஒவ்வொரு இலை இடுக்கும் ஊசித்துளைக் கேமரா (லென்ஸ் இல்லாமல் ஒரு சின்ன ஓட்டை வழியாகவே பிம்பம் விழவைப்பது) மாதிரி வேலை செய்து, சூரியனின் ஒரு பிம்பத்தைத் தரையில் விழவைக்கிறது. நாம் சூரியன்களை மிதித்துக்கொண்டு நடக்கிறோம். பகுதி சூரிய கிரகணத்தின்போது அத்தனை பொட்டும் பிறை வடிவமாக மாறிவிடும். அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு, இடுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. சூரியன் உச்சியில் இருக்கும்போது 5 மீட்டர் உயரத்து இடுக்கிலிருந்து விழும் பொட்டு சுமார் 5 சென்டிமீட்டர் இருக்கும். சூரியன் சாய்ந்திருந்தால் வட்டம் நீண்டு முட்டை வடிவமாகும்.

மறுநாள் மகளோடு ஒரு வெள்ளை அட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பொட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். காற்று அடித்ததும் சில பொட்டுகள் அணைந்து வேறு எங்கோ எரிந்தன. அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தாள், நானும்தான்.

இரவுப்பணி சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். காரணம் தெரிந்தபிறகு எனக்கு அந்த நிழலில் சந்தோஷம் கூடித்தான் இருக்கிறது.

---

ஈரமண்:

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனை சுத்தமாகப் போய்விட்டது. ஏழு மாதம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது, நடக்கிறேன், பேசுகிறேன், வேலைக்குப் போகிறேன். எனக்கு மட்டும் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. என் குழந்தையின் தலைமுடி வாசனை எனக்கு இல்லை. அதைச் சொல்லி அழவும் கூச்சமாக இருந்தது, இதற்கெல்லாமா என்று கேட்டுவிடுவார்களோ என்று.

ஒரு சாயங்காலம் மாடியில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாலு நாளாகக் காய்ந்து வெடித்திருந்த மண். தண்ணீர் விழுந்து குமிழி விட்டு உள்ளே இறங்கியது, குவளையைக் கீழே வைக்கக் குனிந்தேன், அப்போது மூக்கில் மண். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை மண்ணிலேயே வைத்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று 1964-இல் பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். அதில் முக்கியமாக இருப்பது ஜியோஸ்மின் என்ற ரசாயனம், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. மனித மூக்கு இதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். என் மூக்கு திரும்பி வரும்போது முதலில் இதைக் கண்டுபிடித்ததற்கு அதுதான் காரணமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தொட்டிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், வீட்டில் வேறு யாரையும் விடுவதில்லை.

---

மூன்றாம்மாடி:

பெரிய சந்தோஷம் சின்னச் சந்தோஷத்தைத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, அதற்கு ஒரு பழைய ஆய்வும் இருக்கிறது. 1978-இல் பிலிப் பிரிக்மனும் கூட இருந்தவர்களும் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரிடம் பேசினார்கள். நண்பரோடு பேசுவது, ஒரு நல்ல நகைச்சுவையைக் கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 22 பேர் என்பது ரொம்பக் குறைவு, அதனால் நான் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பமாட்டேன். ஆனாலும் பின்கட்டு, உங்கள் விஷயத்தில் எனக்கு இதுதான் ஆறுதலாகப் படுகிறது: பதவி உயர்வு வந்தபிறகும் உங்களுக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டிருக்கிறதே!

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் எட்டு மாதம். ஒரு ராத்திரி பாதி வீட்டில் மட்டும் கரண்ட் போனது. டார்ச் எடுத்துக்கொண்டு மெயின் பெட்டியைத் திறந்தேன், அந்தப் பெட்டியை நான் திறந்ததே இல்லை, அது எப்போதும் அப்பாவின் வேலை. ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் பென்சிலில் அவர் கையெழுத்து. 'மாடி விளக்கு.' 'மோட்டார்.' 'பின் அறை விசிறி.' ஒன்றில் 'மோட்டார்' என்று எழுதி, அடித்துவிட்டுச் சரியாக எழுதியிருந்தார். கடைசி சுவிட்சுக்குப் பக்கத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது.

எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தேன். உடனே குற்ற உணர்ச்சியும் வந்தது, இப்படிச் சிரிக்கலாமா என்று. அது கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, சிரிப்பு போகவில்லை. பியூஸை மாற்றியபிறகும் பெட்டியை மூட மனசு வராமல் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தேன்.

---

பின்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம்மாடி, அந்தப் பென்சில் எழுத்து அழியாமல் இருக்க மேலே கண்ணாடி டேப் ஏதாவது ஒட்ட முடியுமா என்று பாருங்கள், ஒரு எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

நாலாம்படி சொன்ன வித்தியாசக் கணக்கு எனக்குப் புரிந்தது, என் கேள்விக்கு அது போதும். ஆனால் இரவுப்பணி எழுதியதைப் படித்தபிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. பதவி உயர்வை வாங்கிய அன்றைக்கே யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அடுத்தது எப்போது என்று பேச்சு ஓடிவிட்டது, என் மனசும் அதற்குப் பின்னாலேயே ஓடியது. தாழ்ப்பாளுக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. அது திறந்தது, நான் பக்கத்தில் இருந்தேன்.

இலைநிழல், இன்றைக்கு மத்தியானம் ஸ்கேலோடு போய் அளந்து பார்த்தேன். மரத்தின் கீழ்க்கிளை மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், பொட்டு மூன்றரை சென்டிமீட்டர் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான், சூரியனை அளக்கிறேன் என்றேன். அவன் உள்ளே ஓடிப்போய் அவன் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.