லேட்டரல் என்ட்ரி பி.இ.: ஜெர்மனியின் அனபின் தளத்தில் கல்லூரிப் பெயரே வரவில்லை, என்ன செய்வது?

லேத்துக்காரன் கேட்டது:
வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ 3 ஆண்டு முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தேன். கோவைப் பக்கம் ஒரு அட்டானமஸ் கல்லூரி, அண்ணா பல்கலையின் இணைப்பு. 2021-ல் முடித்தேன், சிஜிபிஏ 7.8. ஜெர்மனியில் டிசைன் இன்ஜினியர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. புளூ கார்டுக்கு (பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி) என் பட்டம் அங்கீகரிக்கப்பட்டது என்று காட்டச் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அங்கே அங்கீகாரம் உண்டா என்று பார்க்கும் அனபின் தளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டால் எதுவும் வரவில்லை. ஏஜென்ட் ஏ.பி.எஸ். சான்றிதழும் (கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்தில் போடும் அரசு முத்திரை) கட்டாயம் வேண்டும் என்கிறார். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. எங்கிருந்து தொடங்குவது?

முத்திரைத்தாள்:
ஏஜென்டுக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். ஏ.பி.எஸ். என்பது ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாக்கினார்கள், கட்டணம் 18,000 ரூபாய். வேலை விசாவுக்கு அதைக் கேட்பதில்லை. அப்போஸ்டிலும் வேண்டாம். இந்தியா 2005-ல் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லுபடியாகாது. வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்குச் செய்யும் வேலையை எல்லா நாட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

அனபினில் கல்லூரியைத் தேடுவதுதான் முதல் பிசகு. அட்டானமஸ் என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையது. பட்டம் தருவது பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழை எடுத்து, மேலே எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது, யார் கையெழுத்து என்று பாருங்கள். அந்தப் பெயரைத்தான் தேட வேண்டும். நிறுவனங்கள் பிரிவில் நாடு இந்தியா என்று வைத்துத் தேடினால் பெயருக்கு எதிரே எச் பிளஸ், எச் பிளஸ்-மைனஸ், எச் மைனஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எச் பிளஸ் என்றால் நிறுவனம் அங்கீகாரம் பெற்றது. பிளஸ்-மைனஸ் என்றால் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள்.

பழைய பேட்ச் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: அண்ணா பல்கலை 2007-க்குப் பிறகு கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரிந்து 2012-ல் மீண்டும் ஒன்றானது. அந்தக் காலத்தில் முடித்தவர்கள் தங்கள் பட்டத்தில் உள்ள பெயரில்தான் தேட வேண்டும், இன்றைய பெயரில் அல்ல.

லேத்துக்காரன்:
மிக்க நன்றி சார். பல்கலைக்கழகம் எச் பிளஸ் என்று வருகிறது. இந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா?

முத்திரைத்தாள்:
போதாது. பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நிறுவனம் ஒரு கேள்வி, பட்டம் இன்னொரு கேள்வி. பட்டங்கள் பிரிவில் தனியாக ‘பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங்’ தேடுங்கள். ‘என்ட்ஷ்ப்ரிஷ்ட்’ அல்லது ‘க்ளைஷ்வெர்டிஷ்’ என்றிருந்தால் ஜெர்மன் பட்டத்துக்கு இணை. ‘பெடிங்ட் ஃபெர்க்ளைஷ்பார்’ என்றால் ஓரளவுக்கே இணை, விசாவுக்கு அது உதவாது. இரண்டு பக்கங்களையும் பிடிஎஃப் எடுத்து வையுங்கள்.

கிரெடிட்_கணக்கு:
உங்கள் விஷயத்தில் அதோடு முடியாது. பட்டத்தின் பதிவைத் திறந்தால் படிப்புக் காலமும் எழுதியிருக்கும். பி.இ.க்கு 4 ஆண்டு. உங்களிடம் இருப்பது மூன்றாம் செமஸ்டரில் தொடங்கும் ஆறு மார்க் ஷீட். லேட்டரல் என்ட்ரி என்றால் என்னவென்று தெரியாதவர் பார்த்தால் முதல் இரண்டு செமஸ்டர் காணாமல் போனது போலத்தான் தெரியும். டிப்ளமோ சான்றிதழ், அதன் எல்லா மார்க் ஷீட்டும், கூடவே டிப்ளமோவின் அடிப்படையில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர் என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், இவை எல்லாம் ஒரே கட்டாகப் போக வேண்டும்.

ஐரோப்பாவில் பட்டத்தோடு டிப்ளமோ சப்ளிமென்ட் என்று 8 பகுதி கொண்ட இணைப்பு தருகிறார்கள். படிப்பின் நிலை, காலம், சேர்க்கைத் தகுதி, கிரேடு முறை, அந்த நாட்டின் கல்வி அமைப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். நம் பட்டத்தோடு அப்படி எதுவும் வருவதில்லை. அதில் இருக்க வேண்டியதை நாமேதான் தாள் தாளாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் இதைக் கொடுக்கத் தொடங்கினால் எத்தனையோ பிள்ளைகளின் மாதங்கள் மிச்சமாகும்.

என் கருத்து: அனபின் பிரின்டை மட்டும் நம்பாமல் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மன் அரசு அமைப்பான இசட்.ஏ.பி.யிடம் ஒப்பீட்டு அறிக்கை வாங்கிவிடுங்கள். கட்டணம் 208 யூரோ. உங்கள் பெயரில், உங்கள் பட்டத்துக்கென்றே எழுதித் தருவார்கள். நேராக நான்கு வருடம் படித்தவராக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

அரியர் இருந்ததா? இருந்தால் அந்த மார்க் ஷீட்களையும் சேருங்கள். எல்லா செமஸ்டரையும் சேர்த்துத் தரும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்து மற்றதை ஒளிக்க வேண்டாம்.

லேத்துக்காரன்:
ஒரே ஒரு அரியர், அதையும் சேர்த்துவிடுகிறேன். சிஜிபிஏவை ஜெர்மன் கிரேடாக ரெஸ்யூமேயில் போடச் சொல்கிறார்கள். ஒரு கால்குலேட்டர் 2.3 காட்டுகிறது, இன்னொன்று 2.7.

கிரெடிட்_கணக்கு:
இரண்டும் ஒரே சூத்திரம்தான், திருத்திய பவேரியன் சூத்திரம்:

1 + 3 × (உச்ச மதிப்பு − உங்கள் மதிப்பு) ÷ (உச்ச மதிப்பு − குறைந்தபட்சப் பாஸ் மதிப்பு)

உச்சம் 10, உங்களுடையது 7.8, வித்தியாசம் 2.2. பாஸ் புள்ளி 5 என்றால் 1 + 3 × 2.2 ÷ 5 = 2.32. பாஸ் புள்ளி 6 என்றால் 1 + 3 × 2.2 ÷ 4 = 2.65. ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 பாஸ். எது சரி என்பதை உங்கள் பேட்சுக்கான ரெகுலேஷன் (பாடத்திட்ட, தேர்வு விதிகள்) தான் சொல்லும். மார்க் ஷீட்டின் பின்பக்கக் கிரேடு அட்டவணையில் பாஸ் ஆகும் கடைசிக் கிரேடின் புள்ளி என்ன என்று பாருங்கள். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

ரெஸ்யூமேயில் மூல சிஜிபிஏவை முதலில் எழுதி, மாற்றிய கிரேடைப் பக்கத்தில் போடுங்கள்.

பேர்_விவரம்:
இனிஷியல் விஷயம். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை நிரப்புங்கள், சர்நேம் கட்டத்தில் உள்ளது சர்நேம், கிவன் நேம் கட்டத்தில் உள்ளது கிவன் நேம். மார்க் ஷீட்டில் உள்ள இனிஷியல் அப்பா பெயரின் முதலெழுத்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட். அப்பா பெயர் அச்சாகியிருக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ கூட வையுங்கள். இதற்காக மார்க் ஷீட்டில் பெயர் மாற்றப் பல்கலைக்கழகத்துக்கு அலைய வேண்டாம்.

செவிலி_கேள்வி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பி.எஸ்சி. நர்சிங்குக்கும் இதே வழிதானா?

முத்திரைத்தாள்:
இல்லைம்மா. நர்சிங், மருத்துவம், பார்மசி எல்லாம் அங்கே சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்கள். இசட்.ஏ.பி. அறிக்கை அதற்குப் போதாது. வேலை பார்க்கப் போகும் மாநிலத்தின் அங்கீகார அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாடம், கிளினிக்கல் மணி நேரம் வரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்தால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ சொல்வார்கள். உங்கள் கல்லூரியிலிருந்து பாடவாரியாக மணி நேரக் கணக்கை இப்போதே வாங்கி வையுங்கள்.

லேத்துக்காரன் தம்பி, உங்கள் வேலைக்கு அப்படிக் கட்டுப்பாடு கிடையாது. ‘இன்ஜெனியர்’ என்ற பட்டப்பெயரை மட்டும் மாநிலச் சட்டங்கள் பாதுகாக்கின்றன. விசிட்டிங் கார்டில் அதைப் போட வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். வேலையில் சேர அது தேவையில்லை.