அப்பாவின் மைக்ராவில் ஹம் கோயிலுக்கும் சுவிஸுக்கும் போகலாமா?

சின்னக்கார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 2001ஆம் ஆண்டு நிசான் மைக்ரா ஒன்று இருக்கிறது. 1 லீற்றர் எஞ்சின், ஐந்து கதவுகள், கரும்பச்சை நிறம். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அப்பா புதிதாக வாங்கிய ஒரே கார் அதுதான். அதற்கு முன்னர் அவர் ஓடியவை எல்லாம் பிறர் ஓடிக் கழித்தவை. கடந்த ஆண்டு அவர் காலமானார். அன்றிலிருந்து நான் அதை வாரம் இரண்டு தடவை எடுத்து ஓடி வருகிறேன். எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையில் தேறியிருக்கிறது, எண்ணெயும் அதிகம் குடிப்பதில்லை.

இந்த ஆண்டு ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போக வேண்டும் என்றும், அங்கிருந்து சூரிச்சில் உள்ள சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் அம்மா விரும்புகிறார். 2002இல் அந்தக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு அப்பாவும் அவரும் இதே காரில்தான் போனார்கள், ஆகவே இந்த முறையும் இதிலேயே போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கணவர், அம்மா, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு ஆண்பிள்ளைகள், நான் என்று மொத்தம் ஐந்து பேர். மில்டன் கீன்ஸிலிருந்து புறப்படுவோம். கணவர் பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். இவ்வளவு பழைய சிறிய காரில் ஐரோப்பாவுக்குள் குடும்பத்தோடு ஓடியவர்கள் இருந்தால், எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள். பதிவுப் புத்தகத்தில் இன்னும் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அது சிக்கலாகுமா என்பதையும் சொல்லுங்கள்.

பழையறோட்டு

சகோதரி, கடைசி வரியில் எழுதியதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டில் பொலிஸ் மறித்தால் கேட்பது பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியைத்தான். அதில் காலமானவரின் பெயர் இருந்தால், கார் உங்களுடையது என்று நடுவீதியில் நின்று நிரூபிக்க வேண்டி வரும். புத்தகத்தில் புதிய உரிமையாளருக்கான பகுதியை நிரப்பி, அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவையும் அவர் காலமான திகதியையும் குறிப்பிடும் கடிதத்தோடு, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரச அலுவலகமான டிவிஎல்ஏக்கு அனுப்புங்கள். புதிய புத்தகம் வர வாரங்கள் ஆகலாம், ஆகவே இன்றே செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அதே விவரம் போக வேண்டும். பிரித்தானியக் காப்புறுதி ஐரோப்பாவில் தானாகத் தருவது மூன்றாம் தரப்புக்கான அடிப்படைப் பாதுகாப்பை மட்டுமே. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். இந்த வடிவ மைக்ராவை நான் 14 ஆண்டுகள் ஓடினேன். சண்டர்லாந்தில் செய்த கார். 1993இல் ஐரோப்பாவின் ஆண்டுக் கார் விருதைப் பெற்ற முதலாவது ஜப்பானிய நிறுவனக் கார் இதுதான். எஞ்சினுக்குள் ஓடுவது சங்கிலி, றப்பர்ப் பட்டி அல்ல. ஆகவே பட்டி அறுந்து எஞ்சின் போகும் என்ற பயம் வேண்டாம். இதன் எதிரி துரு. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டை, காரை உயர்த்தி, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எம்ஓடியில் தேறிய கார் என்பதற்கு அர்த்தம் அந்த ஒரு நாளில் தேறியது என்பது மட்டுமே.

என் காரை ஜேர்மனியில் நிறுத்தியது எஞ்சின் அல்ல, ஒரு றப்பர்க் குழாய். பயணத்துக்கு முன் றேடியேற்றரைப் புதிதாக மாற்றினேன். அதோடு சேரும் மேல் குழாய் வெளியே பார்க்க நன்றாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். ஹம்மிலிருந்து பிராங்க்பேர்ட் நோக்கிப் போகும் ஏ45 நெடுஞ்சாலை மலைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் வீதி. நான்கு பேரும் பெட்டிகளுமாக மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது வெப்ப முள் நடுவிலிருந்து நகர்ந்ததை மனைவிதான் முதலில் கண்டார். ஓரத்தில் நிறுத்தி, காரின் முன்மூடியைத் திறந்தால், குழாயின் வளைவில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்து பச்சைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பதினைந்து பவுண் கூடப் பெறாத அந்தக் குழாய்க்காக, கம்பித் தடுப்புக்கு அப்பால் புல்லில் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். ஆகவே குழாய்கள், எஞ்சினுக்கு வெளியே ஓடும் துணைப் பட்டி, பற்றரி, ரயர் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். ரயரில் பூ தேயாமல் இருந்தாலும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் மாற்ற வேண்டும். குறைவாக ஓடும் கார்களில் ரயர் தேய்ந்து போவதில்லை, காய்ந்து போகிறது.

நோர்த்ரைன்வாசி

நான் ஹம்முக்குப் பக்கத்தில் வசிப்பவன். வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிரான்சின் கலேயிலிருந்து டன்கேர்க் வழியாகப் பெல்ஜியத்துக்குள் நுழைந்து, பிரசல்ஸ், லியேஜ், ஆகன், கொலோன் என்று வந்தால் வழி நெடுகச் சுங்கக் கட்டணமே கிடையாது. ரெயிம்ஸ், மெட்ஸ் வழியாகப் பிரான்சுக்குள் ஓடினால் கட்டணச் சாவடிகள் வரும்; வலப்பக்கத்தில் சுக்கான் உள்ள உங்கள் காரில், பணம் கட்டும் இயந்திரம் எப்போதும் மறுபக்கத்தில் இருக்கும், பக்கத்தில் இருப்பவர்தான் கையை நீட்ட வேண்டும். பிரசல்ஸில் சுற்றுவீதியோடு நின்றுவிடுங்கள். நகருக்குள் குறைந்த புகை வலயம் இருக்கிறது, வெளிநாட்டு வாகனங்கள் முன்கூட்டியே பதிய வேண்டும். கொலோன் நகருக்குள்ளோ பிராங்க்பேர்ட் நகருக்குள்ளோ நுழைவதாக இருந்தால் புகை குறைந்த கார் என்று காட்டும் பச்சை ஒட்டி கண்ணாடியில் வேண்டும்; உங்கள் கார் பெற்றோலில் ஓடுவது, புகையைச் சுத்தமாக்கும் ஊக்கி மாற்றியும் உள்ளது, ஆகவே பழையதானாலும் பச்சை கிடைக்கும்.

ஒரே நாளில் ஓடி வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் நாள் லியேஜ் வரை ஏறத்தாழ 500 கிலோமீற்றர், இரண்டாம் நாள் மீதி 240. அம்மாவின் கால்களுக்கும் அது நல்லது. கடலைக் கடக்கச் சுரங்க ரயிலை எடுங்கள். 35 நிமிடம், காரை விட்டு இறங்கவே தேவையில்லை, கட்டணமும் ஆட்கணக்கில் அல்ல, கார்க்கணக்கில். கப்பலில் படிகள் ஏற வேண்டி வரலாம்.

முகப்பு விளக்குகளில் கறுப்பு ஒட்டிகளை ஒட்ட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் உங்கள் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்னால் யூகே என்ற ஒட்டி வேண்டும். 2021 செப்டெம்பர் முதல் பழைய ஜீபி ஒட்டி செல்லாது, அப்பா ஒட்டியது இன்னும் இருந்தால் அதை மூட வேண்டியிருக்கும். இன்னொன்று: பிரான்சில் பெற்றோல் அடிக்க நேர்ந்தால் ‘கசோல்’ என்று எழுதியிருக்கும் குழாயை எடுக்காதீர்கள். பெயர் பெற்றோலைப் போலக் கேட்கும், அது டீசல்.

மூன்றுபிள்ளைத்தாய்

எல்லோரும் காரைப் பற்றியே எழுதுகிறீர்கள்; உள்ளே இருப்பவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். பிரித்தானியாவில் 135 சென்ரிமீற்றர் உயரம் ஆகிவிட்டால் பிள்ளைக்கு உயர்த்தி இருக்கை தேவையில்லை. ஜேர்மனியிலும் சுவிஸிலும் 12 வயதாக வேண்டும் அல்லது 150 சென்ரிமீற்றர் ஆக வேண்டும். ஆகவே உங்கள் மூத்தவர் இங்கே கைவிட்ட இருக்கையை அங்கே மீண்டும் எடுக்க வேண்டிவரும், அழுவார்! பின் இருக்கையின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கிறதா, தோள் பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புப் பட்டை மட்டும் என்றால் அங்கே உயர்த்தி இருக்கை வைக்க முடியாது. இரண்டு பிள்ளைகளும் ஜன்னல் ஓரம், நடுவில் ஒரு பெரியவர் என்றாகும். அந்த நடு இடத்தில் ஆயிரம் கிலோமீற்றர் உட்கார யார் சம்மதிப்பார்கள் என்பதை வீட்டு வாசலில் ஐந்து பேரும் ஏறி அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வடிவ மைக்ரா 1997இல் யூரோ என்கேப் விபத்துச் சோதனையில் இரண்டு நட்சத்திரம் பெற்றது. நகருக்குள் முப்பது மைல் வேகத்தில் ஓட அது போதும் என்பேன். பக்கத்தில் லொறிகள் வரிசையாகப் போக, பின்னால் ஒருவர் 200 கிலோமீற்றர் வேகத்தில் விளக்கை அடித்துக்கொண்டு வரும் ஜேர்மன் நெடுஞ்சாலையில், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி அதை ஓட எனக்கு மனம் வராது. அன்பு என்பது வேறு, தகடு என்பது வேறு.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் முன்பே பேசி வையுங்கள். பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் அவற்றால் செய்தவையும் கொண்டுபோக முடியாது. மட்டன் றோல்ஸும் தயிர்ச் சோறும் வீட்டோடு நிற்க வேண்டும். புளிச்சோறும் சம்பலும் போகலாம். பழங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் கேட்பதில்லை, அர்ச்சனைத் தட்டு தப்பியது.

ஆரேநதிக்கரை

சுவிஸ் பகுதியை நான் சொல்கிறேன். இங்கே நெடுஞ்சாலையில் ஓடுவதற்குக் கண்ணாடியில் ஒட்டும் கட்டண ஒட்டி 40 பிராங். 2023 முதல் இணையத்திலும் வாங்கலாம், அது கார் இலக்கத்தோடு பதிவாகிவிடும். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டம், அதற்கு மேல் ஒட்டியையும் வாங்க வேண்டும். வேக எல்லை 120. மைல் கணக்குக் காட்டும் உங்கள் வேகமானியில் கிலோமீற்றர் எண்கள் உள்வட்டத்தில் சிறிதாக இருக்கும், 50, 80, 120 ஆகிய மூன்றுக்கும் நேரே சிறு வெள்ளைக் கோடு ஒட்டிக்கொள்ளுங்கள், இங்கே கமரா மன்னிப்பதில்லை.

சூரிச் வரை மலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஆல்ப்ஸ் மலையிலுள்ள கொத்தார்ட் கணவாயைப் பார்க்க வேண்டும் என்பார்கள், உங்கள் அம்மாவும் சொல்வார். சுரங்கம் 16.9 கிலோமீற்றர், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் விடுமுறைக் காலங்களில் வாயிலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும், பழைய காருக்கு அதுதான் ஆபத்து, ஏற்றம் அல்ல. கணவாய் 2,106 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பனி விலகிய பிறகே திறப்பார்கள். ஏறும்போது முள் உயர்ந்தால் குளிரூட்டியை நிறுத்தி, வெப்பமூட்டியை முழுவதும் திறந்து, ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். வியர்க்கும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் இரண்டாம், மூன்றாம் கியரில் விட வேண்டும். பழைய பிரேக் எண்ணெய் நீரை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் மிதி நேரே தரைக்குப் போகும். பயணத்துக்கு முன் அதையும் மாற்றுங்கள்.

சின்னக்கார்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வாசலில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். பின்னால் நடுவில் இருப்பது இடுப்புப் பட்டை மட்டும்தான். கணவர் பத்து நிமிடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மூத்தவனின் உயரம் 141 சென்ரிமீற்றர் என்று அளந்து சொன்னதும் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

இரண்டு நட்சத்திரம் என்ற செய்தி எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. கடைசியில், கணவரும் பிள்ளைகளும் டோர்ட்முண்டுக்கு விமானத்தில் வந்து ஹம்மில் எங்களோடு சேர்வது, தேர் முடிந்ததும் ரயிலில் சூரிச்சுக்குப் போவது என்றும், அம்மாவும் நானும் மட்டும் மைக்ராவில், இரண்டு இரண்டு நாளாகப் பிரித்து, லொறிகளின் பின்னால் வலது ஓரத்தில் மெதுவாக வருவது என்றும் முடிவாயிற்று. கொத்தார்ட்டுக்கு ரயிலில் போகலாம் என்று சித்தி சொல்லிவிட்டார். குழாய்கள், பட்டி, பிரேக் எண்ணெய், நான்கு ரயர் எல்லாம் மாற்றக் கொடுத்திருக்கிறேன். இடது பக்கத் தகட்டில் விரல் உள்ளே போனதால் அதற்கும் ஒட்டுப் போடுகிறார்கள்.

பதிவுப் புத்தகத்தை நேற்று அனுப்பினேன். உறையில் போடுவதற்கு முன் அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அப்பாவின் பெயர் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தபாற்குறியீட்டைச் சரியாக எழுதினாயா என்று கேட்டார்.